பொங்கலுக்கு ஊருக்குப் போனால் வீட்டுக்கு யார் காவல்?

மார்கழி பாதி தாண்டிவிட்டால் எங்கள் பக்கம் பேச்சு மாறிவிடும். யார் எந்த ரயிலில் டிக்கெட் போட்டிருக்கிறார்கள், யாருக்கு வெயிட்டிங் லிஸ்ட் என்று ஆரம்பித்து, "அது சரி, வீட்டை என்ன பண்ணப் போறீங்க?" என்ற இடத்தில் வந்து நிற்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை நம்பி இங்கே குடிவந்தவர்களில் தென்மாவட்டத்துக்காரர்கள் நிறைய. திருநெல்வேலி, தூத்துக்குடி என்று சொந்த ஊர் இருக்கும். பொங்கலுக்கு அங்கே போகாவிட்டால் அவர்களுக்குப் பொங்கலே இல்லை. போகிக்கு முதல் நாள் சாயங்காலம் பார்த்தால் பாதித் தெரு பூட்டிக் கிடக்கும்.

வாட்ஸ்அப் குழுக்களில் வழக்கமான அறிவுரைகள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. கேமரா வையுங்கள், நல்ல பூட்டாகப் போடுங்கள், நகையை லாக்கரில் வையுங்கள். எல்லாம் சரிதான். ஆனால் பூட்டிய வீட்டுக்கு யார் காவல் என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு மறக்க முடியாத ஒரு பக்கமும் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பழைய செய்திகளைத் தேடிப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. படித்ததையும், முப்பது வருஷம் இந்தப் பக்கத்தில் இருந்து பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

காவல்காரரே நஷ்டத்தைக் கட்டிய காலம்

போலீஸ் என்ற சொல் நம் ஊருக்கு வருவதற்கு முன்பு இருந்தது காவல். அது ஓர் உரிமை, ஒரு பொறுப்பு, ஒரு வருமானம், மூன்றும் சேர்ந்தது. ஒரு கிராமத்தையோ சில கிராமங்களையோ காக்கும் பொறுப்பு ஒரு குடும்பத்துக்கோ ஒரு கூட்டத்துக்கோ இருக்கும். அறுவடையின்போது களத்திலேயே அவர்களுக்கு ஒரு பங்கு தானியம் அளந்துவிடுவார்கள். பாளையக்காரர்கள் காலத்தில் இது ஸ்தலகாவல், தேசகாவல் என்று இரண்டு அடுக்காக இருந்தது. ஊருக்குள் பார்ப்பது ஸ்தலகாவல். சுற்றுவட்டாரத்தையும் வழிப்பாதைகளையும் பார்ப்பது தேசகாவல்.

இதில் இன்றைக்கு நமக்கு ஆச்சரியமாகப் படுவது ஒரு விதி. களவு போனால் காவல்காரர் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தன் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். இன்றைக்கு எந்த செக்யூரிட்டி ஏஜென்சி இப்படி எழுதிக் கொடுக்கும்?

இதை ஒரு பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. காவல் கூலி கொடுக்க மறுத்த ஊரில் மறுநாளே மாடு காணாமல் போவதும் நடந்தது. காணாமல் போன மாடு எங்கே இருக்கிறது என்று துப்புச் சொல்ல ஆள் வருவான். அவனுக்குத் 'துப்புக்கூலி' கொடுத்தால் மாடு திரும்பி வரும். துப்புச் சொன்னவனுக்கும் ஓட்டிக்கொண்டு போனவனுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கமாட்டார்கள். காப்பவனே எடுப்பவனாகவும் இருக்கக்கூடிய ஏற்பாடுதான் அது. ஆனாலும் அதில் ஒரு பலம் இருந்தது. காவல்காரருக்கு ஊரில் எல்லோரையும் தெரியும், ஊருக்கும் அவரைத் தெரியும். களவு நடந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பதில் சந்தேகமே இல்லை.

நம் பொன்னேரி, திருவள்ளூர்ப் பகுதிகள் 1763-ல் ஆற்காடு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி ஜாகீராகப் பெற்ற நிலப்பகுதியில் அடங்கியவை. தென்பாண்டிச் சீமையில் கம்பெனிக்கும் பாளையக்காரர்களுக்கும் சண்டை முடிவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே கம்பெனியின் கை ஓங்கிவிட்டது. ஆயுதம் தாங்கிய காவல்காரர்கள் ஊர் ஊராக இருப்பதைக் கம்பெனி விரும்பவில்லை. 1802-ல் கொண்டுவந்த ஒழுங்குமுறைச் சட்டத்தில் வங்காளத்தைப் பார்த்து தாரோகா முறையைப் புகுத்தினார்கள். அது சரிப்படவில்லை. 1816-ல் தாமஸ் மன்றோவின் யோசனைப்படி கிராம முன்சீப்பிடமே போலீஸ் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவருக்குக் கீழே தலையாரி. 1859-ல்தான் சென்னை மாகாணத்துக்கு என்று தனிப் போலீஸ் சட்டம் வந்தது.

தலையாரியை என் வயதுக்காரர்கள் பலர் பார்த்திருப்பார்கள். கையில் தடி, தோளில் துண்டு. ஊருக்குள் புது ஆள் வந்தால் முதலில் விசாரிப்பவர் அவர்தான். திண்ணையில் ராத்திரி படுத்திருக்கும் வழிப்போக்கன் எந்த ஊர், எங்கே போகிறான் என்பது விடிவதற்குள் அவருக்குத் தெரிந்திருக்கும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பரம்பரை அதிகாரம் போனது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. தலையாரிகளும் பிற்பாடு கிராம உதவியாளர்கள் ஆகி, தாலுகா ஆபீஸ் வேலைகளோடு சேர்ந்துவிட்டார்கள். ஊருக்குள் யார் வந்தார், யார் போனார் என்று பார்ப்பதற்கென்றே ஒரு மனிதர் இருந்தது அத்தோடு முடிந்தது.

கைநாட்டும் கைரேகைச் சட்டமும்

இங்கே கொஞ்சம் வங்காளத்துக்குப் போய்வர வேண்டும். 1858-ல் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலை போடுவதற்குச் சரக்கு தர ஒப்புக்கொண்ட ஒரு காண்ட்ராக்டரிடம் ஒப்பந்தப் பத்திரத்தில் உள்ளங்கை முழுவதையும் மையில் தோய்த்துப் பதிக்கச் சொன்னார். பிறகு 'இது என் கையெழுத்தே இல்லை' என்று சொல்லிவிடக்கூடாது என்பதுதான் நோக்கம். குற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பிற்பாடு எட்வர்ட் ஹென்றி என்ற போலீஸ் அதிகாரியும், அவரிடம் வேலை பார்த்த அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களும் சேர்ந்து ரேகைகளை வகைபிரித்து அடுக்கிவைக்கும் முறையை உருவாக்கினார்கள். 1897-ல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பதிவகம் தொடங்கியது. ஸ்காட்லாந்து யார்டுக்கு அந்த முறை போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

ஆயிரம் பேரில் ஒருவனைத் தனியாக அடையாளம் காட்டும் அருமையான கருவி. ஆனால் நம் நாட்டில் அதை ஒருவனைக் காட்ட மட்டும் பயன்படுத்தவில்லை. 1871-லேயே குற்றப் பரம்பரைச் சட்டம் வந்துவிட்டிருந்தது. சில சமூகங்களில் பிறந்தாலே குற்றவாளி என்பது அதன் அடிப்படை. 1911-ல் அதைத் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் விரித்தார்கள். அறிவிக்கப்பட்ட சமூகத்து ஆண்கள் ரேகை பதிய வேண்டும், ராத்திரியில் போலீசிடம் ஆஜர் கொடுக்க வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அதனால்தான் தமிழில் அந்தச் சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர் 'கைரேகைச் சட்டம்'. மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மாட்டோம் என்று மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்து 16 பேர் இறந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மதுரைச் சீமையில் தலைமுறை தலைமுறையாக ஊர்க்காவல் பார்த்தவர்களும் அதே மக்கள்தான். காவல் உரிமையைப் பறித்த அரசாங்கம், சில காலம் கழித்து அவர்களையே குற்றப் பரம்பரை என்று எழுதிவைத்தது. நம் பக்கத்திலிருந்து வடக்கே போகும் இதே ரயில் பாதையில், ஆந்திராவில் பாபட்லாவுக்கு முன்னால் ஸ்டூவர்ட்புரம் என்று ஒரு ஊர் வரும். இந்தச் சட்டத்தின் கீழ் எருகுலா சமூகத்தவரைக் குடியமர்த்த 1910-களில் உண்டாக்கிய ஊர் அது. சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் அந்தச் சட்டம் ரத்தானது. சட்டம் போய்விட்டது. 'அந்த ஜாதிக்காரனா, ஜாக்கிரதை' என்ற பேச்சு மட்டும் போகவில்லை.

டைம் ஆபீசும் புதுக் குடித்தனங்களும்

நான் வேலை பார்த்தது சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையின் டைம் ஆபீசில். ஆலை என்றால் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக உருட்டும் ரோலிங் மில். நான் சேர்ந்த புதிதில் சம்பளப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் இடது கைப் பெருவிரலை மைப்பெட்டியில் தொட்டு நாட்டு வைப்பார்கள். அப்போது பெரும்பாலும் சுற்றுவட்டாரத்து ஆட்கள். கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம், மாதர்பாக்கம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் அங்கே யார் வீடு என்று கேட்கலாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக பீகார், ஒடிசா, வங்காளம், அஸ்ஸாம் ஆட்கள் வந்தார்கள். ஹெர்ஷலின் காண்ட்ராக்டர் மாதிரி இங்கேயும் காண்ட்ராக்டர் மூலம்தான்.

அப்புறம் பயோமெட்ரிக் மெஷின் வந்தது. சூடான கம்பியையும் இரும்புக் குப்பையையும் வருஷக்கணக்கில் பிடித்தவர்களின் விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். மெஷின் அவர்களை ஏற்றுக்கொள்ளாது. நாலு தடவை, ஐந்து தடவை வைப்பார்கள். கடைசியில் நான் பேரேட்டில் எழுதிக்கொள்வேன். எனக்கு முகம் தெரியுமே! மெஷினுக்குத் தெரியாத ஆளை எனக்குத் தெரியும் என்பதுதான் டைம் ஆபீஸில் எனக்கு இருந்த ஒரே பெருமை.

சிப்காட் வளர வளர வயலாக இருந்த இடமெல்லாம் மனைப்பிரிவு ஆனது. ஊரை விட்டு ஒதுங்கி, சாலையை ஒட்டி, தனித்தனி வீடுகள் முளைத்தன. திண்ணை கிடையாது, ஆளுயரக் காம்பவுண்டுச் சுவர் உண்டு. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இருக்காது. தலையாரி இருந்த ஊரின் அமைப்பு வேறு, இது வேறு. அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை 2005-ஆம் வருஷம் காட்டியது.

தானாகுளம், 9 ஜனவரி 2005

ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் கல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகும் சாலையில் பெரியபாளையம் இருக்கிறது. ஆடி மாதம் பவானி அம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் பக்கத்தில்தான் தானாகுளம். கும்மிடிப்பூண்டி தொகுதியில் 2001-ல் வென்ற அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர் கே.சுதர்சனத்தின் வீடு அங்கே இருந்தது.

2005 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கிறது. விடிவதற்கு முன்பு ஒரு கும்பல் கதவை உடைத்து உள்ளே புகுந்தது. வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். சுதர்சனம் சுட்டுக் கொல்லப்பட்டார், குடும்பத்தார் தாக்கப்பட்டார்கள், நகைகள் கொள்ளை போயின. ஆளும் கட்சி எம்.எல்.ஏ. வீட்டிலேயே இப்படி என்றால் நம் கதி என்ன என்ற பயம் அன்றைக்கு இந்த மாவட்டம் முழுக்கப் பரவியது. எங்கள் ஆலையில் ராத்திரி ஷிப்டுக்கு வர ஆட்கள் தயங்கினார்கள். வீட்டில் பெண்டு பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு எப்படி சார் வருவது என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

இது முதல் சம்பவம் அல்ல என்பது பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது. 1990-களின் நடுவிலிருந்தே வேலூர், சேலம், திருவள்ளூர் என்று பல மாவட்டங்களில் இதே மாதிரி நடந்திருந்தது. நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், ஊரைவிட்டுத் தள்ளியிருக்கும் வீடுகள். நடுராத்திரியில் கதவை உடைப்பது, தூங்குபவர்களை இரும்புக் கம்பியால் அடிப்பது, நகையோடு மறைவது. ஒவ்வொரு மாவட்டத்திலும் அதைத் தனித்தனி வழக்காகப் பார்த்தார்கள். வந்தவர்கள் லாரியில் வந்தார்கள், லாரியில் போனார்கள். நெடுஞ்சாலையில் ஆயிரம் லாரி ஓடும்போது எந்த லாரி என்று யார் கேட்பது?

முதலமைச்சர் ஜெயலலிதா உத்தரவில் அன்றைய ஐ.ஜி. எஸ்.ஆர்.ஜாங்கிட் தலைமையில் தனிப்படை அமைந்தது. அவர்களுக்குக் கைகொடுத்தது விரல்ரேகை. பல வருஷங்களாகப் பல இடங்களில் எடுத்துவைத்திருந்த ரேகைகளைக் கொண்டுபோய், வடமாநிலங்களில் உள்ள ரேகைப் பதிவுகளோடு பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்படித்தான் அது பவாரியா கும்பல் என்று தெரிந்தது. மாநிலம் மாநிலமாக அலைந்து பலரைக் கைது செய்தார்கள். அந்த வருஷம் மே மாதம் நடந்த இடைத்தேர்தலில் சுதர்சனத்தின் மகன் கே.எஸ்.விஜயகுமார் அதே தொகுதியில் வென்றார். 2017-ல் எச்.வினோத் இயக்கத்தில் கார்த்தி நடித்து வந்த 'தீரன் அதிகாரம் ஒன்று' படம் இந்த வழக்குகளை வைத்து எடுத்ததுதான். கொலை வழக்கோ நீண்டுகொண்டே போய், 2025 நவம்பரில்தான் சென்னை நீதிமன்றம் மூன்று பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஏறக்குறைய 21 வருஷம்!

ரேகை யாரைக் காட்டியது?

இனி நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். கைதுகள் நடந்த பிறகு எங்கள் பக்கத்தில் டீக்கடைப் பேச்சு ஒரே மாதிரி இருந்தது. 'இந்திக்காரனுக்கு வீடு விடாதே.' வாடகைக்கு வீடு கேட்டு வந்த ஒடிசாக்காரனிடம் கதவைத் திறக்காமலே ஜன்னல் வழியாக இல்லை என்று சொல்லி அனுப்பியவர்களை நான் அறிவேன். படம் வந்தபோதும் ஒரு சமூகத்தையே கொடூரர்களாகக் காட்டிவிட்டார்கள் என்ற விமர்சனம் எழுந்தது. அது நியாயமான விமர்சனம். பவாரியா என்பதும் 1871-ஆம் வருஷச் சட்டத்தின்படி குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட சமூகங்களில் ஒன்றுதான்.

கொள்ளையடித்தவர்கள் கொடியவர்கள், அதில் இரண்டு பேச்சு இல்லை. உயிரைப் பறிகொடுத்த குடும்பங்களின் துக்கத்துக்கு முன்னால் எந்த வரலாற்று விளக்கமும் நிற்காது. ஆனால் வழக்கை உடைத்தது எது என்று பாருங்கள். 'வடக்கத்தியான்' என்ற பொதுச் சந்தேகம் அதை உடைக்கவில்லை. அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு தேடியிருந்தால் கோடிக்கணக்கான பேரைத் தேட வேண்டியிருந்திருக்கும். இன்ன ஆள், இன்ன விரல் என்று சுட்டிய ரேகைதான் உடைத்தது. ரேகை ஓர் ஆளைத்தான் காட்டும். அவன் ஜாதியையோ பாஷையையோ அது காட்டாது. நூறு வருஷத்துக்கு முன் ஒரு சமூகத்தையே கட்டிப்போடப் பயன்பட்ட அதே மை, இங்கே செய்தவனை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பயக் காலத்தில் எங்கள் தெருவை ராத்திரியில் காத்தவர் யார்? ஒரு நேபாளி. தடியைத் தரையில் தட்டிக்கொண்டு, விசில் ஊதிக்கொண்டு வருவார். மாதம் பிறந்தால் வீட்டுக்கு இருபது ரூபாய், பிற்பாடு ஐம்பது. அவரை எல்லோரும் 'கூர்க்கா' என்றுதான் கூப்பிடுவோம். பெயர் என்னவென்று ஒருவரும் கேட்டதாக நினைவில்லை. இந்திக்காரனுக்கு வீடு விடாதே என்று பேசியவர்களும் அவர் விசில் சத்தம் கேட்ட பிறகுதான் நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்கள். சிப்காட் ஆலைகளின் வாசலில் இன்றைக்கு நீல உடுப்பில் நிற்பவர்களிலும் அஸ்ஸாம், ஒடிசாக்காரர்கள் எத்தனையோ பேர். அதே 2005-ல்தான் தனியார் செக்யூரிட்டி ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்தும் மத்தியச் சட்டமும் நிறைவேறியது. லைசென்ஸ் வேண்டும், ஆட்களின் பின்புலத்தைச் சரிபார்க்க வேண்டும், பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறது அது. களவு போனால் ஈடுகட்ட வேண்டும் என்ற பழைய காவல் விதி மட்டும் அதில் இல்லை.

ஈடுகட்டுவது பற்றிப் பேசும்போது லாக்கர் ஞாபகம் வருகிறது. 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கரில் இருப்பது போனால் வங்கியின் பொறுப்பு லாக்கரின் வருஷ வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். வாடகை இரண்டாயிரம் என்றால் இரண்டு லட்சம். இன்றைய விலையில் அதற்கு எத்தனை பவுன் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இருந்தாலும் பீரோவில் வைப்பதைவிட லாக்கர் எவ்வளவோ மேல். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், முழு நஷ்டத்தையும் ஏற்றுக்கொள்ளும் காவல்காரர் இப்போது யாருமே இல்லை என்பதற்காகத்தான்.

சரி, இந்தப் பொங்கலுக்கு என்ன செய்வது?

முதலில் ஒரு வேறுபாடு. தானாகுளத்தில் நடந்தது ஆள் இருக்கும் வீட்டில் கும்பலாகப் புகுந்த கொள்ளை. பண்டிகைக் காலத்தில் நாம் பயப்பட வேண்டியது பெரும்பாலும் அது இல்லை. பூட்டிய வீட்டை நோட்டம் பார்த்து உடைக்கும் திருட்டுதான். கன்னக்கோலை வைத்துச் சுவரில் துளை போட்ட அந்தக் காலத்துத் திருடனும் சரி, கடப்பாரையோடு வரும் இந்தக் காலத்துத் திருடனும் சரி, முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றைத்தான். வீட்டில் ஆள் இருக்கிறதா, இல்லையா?

அதை நம் வாசலே சொல்லிவிடுகிறது. மார்கழியில் தெரு முழுக்க வாசலை அடைத்துக் கோலம் இருக்கும்போது, பொங்கல் அன்றைக்குக் கோலம் இல்லாத வாசல் தனியாகத் தெரியும். வாசலில் கிடக்கும் நான்கு நாள் பேப்பர், பால் பாக்கெட், பகலிலும் எரியும் வெளி விளக்கு, கேட்டுக்கு வெளிப்பக்கம் தொங்கும் பெரிய பூட்டு, எல்லாமே சேதி சொல்லும். பேப்பரையும் பாலையும் நிறுத்திவிட்டுப் போங்கள். கேட்டுப் பூட்டை உள்பக்கமாகத் தொங்கும்படி போடுங்கள். ஊருக்குப் போகும் படத்தை ஸ்டேட்டஸில் போடுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமை. ஆனால் எப்பேர்ப்பட்ட பூட்டும் கதவின் பலம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான். நாதாங்கி ஆடினால் பூட்டு என்ன செய்யும்? அதை முதலில் இறுக்குங்கள். சாவியைச் செருப்பு ஸ்டாண்டிலும் பூந்தொட்டிக்கு அடியிலும் வைக்கும் வழக்கத்தையும், பீரோ சாவியை பீரோ மேலேயே வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கேமரா வைத்திருந்தால், படத்தைப் பதிவு செய்யும் பெட்டியை டி.வி.க்குப் பக்கத்தில் வைக்காமல் மறைவான இடத்தில் வையுங்கள். திருடர்கள் அதையும் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள். பூட்டிய வீட்டைப் பற்றி முன்கூட்டியே தகவல் கொடுத்தால் ரோந்து வரும் காவலர்கள் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு தமிழ்நாட்டில் நெடுநாளாக இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போவதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. விலாசம், எத்தனை நாள், உங்கள் செல் நம்பர், பக்கத்து வீட்டுக்காரர் செல் நம்பர் நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

அந்த நான்காவது நம்பரில்தான் விஷயமே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரும் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருப்பாரே! அப்படியானால் அந்த நான்கு நாளும் தெருவில் இருக்கப்போவது யார்?

யோசித்துப் பாருங்கள். பொங்கலுக்கு நாம் எல்லோரும் போய்விடுகிறோம். ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் இங்கேதான் இருப்பார்கள். அவர்கள் ஊருக்குப் போவது துர்கா பூஜைக்கு, சத் பூஜைக்கு, ஹோலிக்கு. அப்போது அவர்கள் அறை பூட்டிக் கிடக்கும், நாம் இங்கே இருப்போம். நாம் யாரைப் பார்த்துப் பயந்துகொண்டு கிளம்புகிறோமோ, அவர்கள்தான் நாம் இல்லாதபோது தெருவில் நடமாடப்போகும் கண்கள். வாடகைக்கு வைத்தால் அவர்களின் ஆதார் நகலை வாங்கி ஸ்டேஷனில் கொடுங்கள். அது முறை, அவர்களுக்கும் அது பாதுகாப்பு. அதோடு நிறுத்திவிடாமல் பெயரைக் கேளுங்கள், எந்த ஊர், எந்த ஆலை, எந்த ஷிப்டு என்று கேளுங்கள். தலையாரி செய்தது அதுதான்.

எங்கள் தெருவில் மூன்று வருஷமாக அப்படி ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். ஊருக்குப் போகாத ஏழெட்டு வீட்டுக்காரர்கள், அதில் இரண்டு ஒடிசாக் குடும்பங்கள், ஒரு பீகார் குடும்பம். யார் எந்த வீட்டைப் பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்கிறோம். காலையில் அந்த வாசலில் தண்ணீர் தெளித்து ஒரு கோலம், சாயங்காலம் ஒரு விளக்கு. பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒடிசாக்கார அம்மா ஒருவர் நம் புள்ளிக் கோலத்தைக் கற்றுக்கொள்ளாமல் தன் ஊர் வழக்கப்படி மாவால் கால்தடமும் பூவும் போடுகிறார். அங்கே அதை ஜோட்டி என்று சொல்வார்களாம். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. சத் பூஜைக்கு அந்த பீகார் குடும்பம் கிளம்பியபோது அவர்கள் அறைச் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கியது.

கிளம்பும்போது பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரும் நம்பரும் உங்களிடம் இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நல்லபடியாகப் போய், நல்லபடியாகத் திரும்பி வாருங்கள். அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.